கால் வற்றினால் தண்ணீர் எங்கே போகிறது?

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கால் அதைத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு கைமருந்தோடுதான் படியேறுவார்கள். நீர்முள்ளியை அவித்துக் கொடு, சிறுபீளையைக் கஞ்சியில் போடு, சுடுதண்ணீரில் உப்பைக் கரைத்துக் காலை ஊறவை, எண்ணெய் பூசிக் கீழிருந்து மேலே உருவு, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வை. என் மனைவியின் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, கணுக்கால் எலும்பு தெரியாத அளவுக்கு இரண்டு காலும் வீங்கிய நாட்களில் இவ்வளவும் எங்கள் விறாந்தைக்கு வந்து சேர்ந்தன. சொன்னவர்கள் எல்லாரும் அன்பால்தான் சொன்னார்கள். சிலது உதவும், சிலது சும்மா, ஒன்றிரண்டு ஆபத்து. மருந்தில்லா வைத்தியம் என்று வீட்டில் செய்யும் இவற்றில் எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது: காலிலிருந்து போகிற தண்ணீர் எங்கே போகிறது?

வீடு என்றால் மாமியின் வீடு. மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்லாற்றில், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது எங்கள் பகுதி வழக்கம். அதனால் மாமாவின் வருத்தத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. அதே வழக்கத்தால் அந்த வீட்டுக் குசினியில் எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. இந்த இரண்டாவது விஷயம் அற்பமானதில்லை. கீழே உப்பைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். மாமாவுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது அது 35 சதவீதம்தான் இருந்தது. அப்படிக் குறையும்போது சிறுநீரகத்துக்கு வந்து சேரும் இரத்தமும் குறைகிறது. சிறுநீரகத்துக்கு இதயத்தின் கதை தெரியாது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அப்படிச் சேர்ந்த நீர் இரத்தக் குழாய்களில் அழுத்தத்தை ஏற்றி, மெல்லிய சுவர்களின் வழியே வெளியே கசிகிறது. நடமாடும் ஆளுக்கு அது பாதத்திலும் கணுக்காலிலும் இறங்கித் தேங்கும். மாரியில் முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தால் வாவி ஏறி, தாழ்ந்த வளவுகளில்தான் முதலில் தண்ணீர் நிற்கும். அதை வாளியால் அள்ளிப் பக்கத்து வளவுக்குள் ஊற்றுவதால் வாவி இறங்கிவிடாது.

காலைத் தூக்கி வைப்பது, உருவுவது, இறுக்கமான காலுறை போடுவது எல்லாம் அந்த வாளி வேலைதான். தண்ணீரை இடம் மாற்றும், உடம்பை விட்டு வெளியேற்றாது. படுத்த படுக்கையாக இருக்கும் இதய நோயாளியைக் கவனித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கால் வற்றி அழகாக இருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அங்கே குழி விழும், நீர் அங்கே போய்த் தேங்கியிருக்கும். பார்க்க வந்தவர்கள் "கால் நல்லா வத்திட்டு" என்று சந்தோஷப்பட்டுப் போவார்கள்.

இதற்காகக் காலைத் தூக்கி வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தோல் இறுகிப் பளபளத்து, கால் மரக்கட்டையாகக் கனக்கும் ஆளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் தூக்கும் விதம் முக்கியம். சாதாரணக் கால் வீக்கத்துக்குச் சொல்வது போல மல்லாந்து படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தினால், காலில் நின்ற நீர் மறுபடி இரத்தத்துக்குள் வந்து, ஏற்கெனவே தடுமாறும் இதயத்திடம் மொத்தமாகப் போய்ச் சேரும். நுரையீரலில் நீர் கோக்கிறவருக்கு அப்படிப் படுத்தாலே மூச்சு முட்டும். மாமா இரவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார். அப்படிப்பட்டவரைத் தட்டையாகப் படுக்கவைத்துக் காலை மட்டும் தூக்குவது சரியில்லை. எங்கள் வீட்டில் பழைய சாய்மனைக் கதிரை ஒன்று இருந்தது. முதுகு நல்லாச் சாய்ந்து, கால் இடுப்பு மட்டத்துக்கு ஒரு முக்காலியில். குதிக்கால் எதிலும் அழுந்தாமல் கெண்டைக்குக் கீழே ஒரு மடித்த சாரம். மூச்சு இளைத்தால் உடனே காலை இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் முறை.

நேரமும் முக்கியம். பகல் முழுக்கக் காலில் இறங்கிய நீர், இரவு படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீரகம் அப்போதுதான் வேலை தொடங்கும். நடு இரவில் திரும்பத் திரும்ப எழும்புவது இதனால். இருட்டில் கக்கூசுக்கு நடந்து விழுந்து இடுப்பு உடைந்த வயதானவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிற்பகலில், சாப்பிட்டபின் ஒரு தூக்க நேரம் காலை உயர்த்தி வைத்தால், அந்த வேலையில் ஒரு பங்கு பொழுதுபடுவதற்கு முன்பே முடிந்துவிடும். இதை நான் ஒரு தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதிலேயே பயனுள்ள சின்ன யோசனை இதுதான்.

காலுறை விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். பார்மசியில் போய்க் கிரேப் பண்டேஜ் வாங்கி வந்து, வீட்டில் பலமான கை உள்ள ஒருவர் இறுக்கிச் சுற்றிவிடுவது எங்கள் பக்கம் சாதாரணம். நாளப் புடைப்பால் வரும் வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை நல்ல வைத்தியம். இதய நோயாளியின் கதை வேறு. வீக்கமும் மூச்சிளைப்பும் கட்டுக்கடங்காமல் இருக்கும் கட்டத்தில் காலை இறுக்கினால், நீர் மேலே தள்ளப்பட்டு இதயத்தின் சுமை கூடும். இன்னொன்று, சீனி வருத்தமும் புகைப்பழக்கமும் இருந்தவர்களுக்குக் காலுக்குப் போகும் நாடிகளே அடைபட்டிருக்கலாம். அந்தக் காலைச் சுற்றி இறுக்கினால் விரல் கறுத்துப் போகும். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டு, போடலாமா, எந்த அளவு அழுத்தம் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் காலுறை. மாமாவுக்குப் போட வேண்டாம் என்றார்கள். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ரப்பர் காலுறையைப் போட்டுக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்றதில் அவருக்குத்தான் கூடுதல் சந்தோஷம்.

உப்புச் சுடுதண்ணீர் பற்றி ஒரு பந்திக்கு மேல் எழுத ஒன்றுமில்லை. தோலின் வழியே உப்பு உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி எடுக்காது. சீனி வருத்தத்தால் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வீங்கிய தோலில் ஒரு சின்ன வெடிப்பு விழுந்தாலும் அதன் வழியே கிருமி இறங்கிக் கால் சிவந்து, காய்ச்சலோடு வாட்டில் படுக்க வேண்டி வரும். அதனால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசுவதோடு நிறுத்திக்கொண்டோம். மாமி ஒவ்வொரு இரவும் மெதுவாகப் பூசிவிடுவா. அது தண்ணீரை இறக்கியது என்று நான் நம்பவில்லை. தோல் வெடிக்கவில்லை, மாமா தூங்கினார். அது போதாதா?

இனி உப்பு. இங்கேதான் தண்ணீர் சேர்வதையே குறைக்க முடியும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் இரத்தத்தின் உப்புச் செறிவும் ஏறத்தாழ அதுதான். அப்படியென்றால் உடம்பு 9 கிராம் உப்பைக் கூடுதலாகப் பிடித்து வைத்தால், அதைக் கரைத்து வைக்க ஒரு லீற்றர் தண்ணீரையும் பிடித்து வைத்தாக வேண்டும். தராசில் அது ஒரு கிலோ. இந்தக் கணக்கு விளங்கிய நாளில்தான் காலைவிட்டு என் கவனம் சட்டிக்குப் போனது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது. ஒரு தேக்கரண்டி மட்டத்துக்கு. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருவாடு இல்லாத வீடு கிடையாது. நன்றாக உப்பிட்ட கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உப்புத்தான். ஐம்பது கிராம் துண்டு ஒன்று பொரித்துத் தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது, சோற்றுக்கும் சொதிக்கும் எதுவும் மிச்சமில்லை. பாண் உப்பாகவே தெரியாது, ஆனால் நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவில் உப்பு அதில் இருக்கிறது. அதன்மேல் மாஜரீன். அப்புறம் பப்படம், ஊறுகாய், மோர்மிளகாய், மாசிச் சம்பல், டின்மீன், பின்னேரம் தேத்தண்ணியோடு மிக்ஸர்.

மாமியிடம் உப்பைக் குறையுங்கள் என்று மருமகன் சொல்ல முடியுமா? மனைவிதான் சொன்னாள். "உப்பில்லாச் சோத்தத் தின்னவா இந்த மனுசன் இத்தன வருசம் தபாற்கந்தோர்ல உழைச்சது?" என்று பதில் வந்தது. மாமாவோ என்னைக் கூப்பிட்டு, "மனே, நான் வருத்தத்தால சாகல்ல, இந்தச் சப்புக் கறியாலதான் சாகப்போறன்" என்றார். இருவரும் சொன்னதில் நியாயம் இருந்தது. சாப்பாடு பிடிக்காமல் தட்டைத் தள்ளிவிட்டால் வயதான உடம்பு சதை வற்றி இன்னும் மோசமாகும்.

2022ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இதில் கைகொடுத்தது. ஆறு நாடுகளில் 806 இதய நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 1500 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது நாலு கிராமுக்கும் குறைவான உப்பு என்று கண்டிப்பாக வைத்துப் பார்த்தார்கள். மரணமோ ஆஸ்பத்திரிக்குப் போவதோ குறையவில்லை. ஆனால் அந்த நோயாளிகள் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் இலகுவானதாகச் சொன்னார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: உப்பை ஒரேயடியாக ஒழித்துக்கட்டப் போராட வேண்டாம், கொட்டிக்கொண்டிருப்பதை நிறுத்தினால் போதும். மருந்துக் கடைத் துல்லியம் மாமியின் குசினிக்குத் தேவையில்லை.

எனவே நடந்தது ஒரு பேரம். மேசையிலிருந்து உப்புப் போத்தல் போய்விட்டது. சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை. கருவாடு எப்போதாவது, அதுவும் துண்டு துண்டாக வெட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, வாசனைக்கு. உப்பு முழுவதும் போகாது, குறையும். அன்றன்றைக்கு வரும் சூடை, கீரி, பாரை என்று பச்சை மீனுக்கு மாறினோம். கறியில் உப்புக் குறைந்த இடத்தைத் தேசிக்காயும் கொறுக்காயும் மிளகும் உள்ளியும் நிரப்பின. புளி தூக்கலாக இருந்தால் நாக்குக்கு உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரிவதில்லை. சில வாரங்களில் நாக்கே பழகிவிடும். பிறகு ஒருநாள் கடைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு "என்னகா இது, கடல் தண்ணியிலயா காய்ச்சினது?" என்று மாமியே கேட்டா.

உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை நாங்கள் தொடவில்லை. இதய நோய்க்குக் கொடுக்கும் சில குளிசைகள் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும். அதோடு இந்த உப்பும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, துடிப்பையே குழப்பிவிடலாம். இளநீரும் அந்த வகைதான். ஒரு குவளையில் அரைக் கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். "சூட்டுக்கு நல்லது" என்று பார்க்க வருகிறவர்கள் குலையாகக் கொண்டுவந்து வைக்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தனித் தைரியம் வேண்டும். நீர்முள்ளியும் சிறுபீளையும் சிறுநீரைக் கூட்டும் என்றுதான் பரம்பரையாகக் கொடுக்கிறார்கள். சிறுநீரைக் கூட்டும் குளிசை ஏற்கெனவே போடுகிறவருக்கு, எவ்வளவு கூடும் என்று அளக்க முடியாத இன்னொன்றைச் சேர்த்தால் டொக்டரின் கணக்குக் குழம்பும். குடிப்பதென்றால் அவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மறைத்துக் குடிப்பதுதான் மோசம். அப்புறம் ஜீவனி. வெயிலில் களைத்தவருக்கு அதைக் கரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். வயிற்றோட்டத்துக்கான அந்தக் கரைசல் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லீற்றருக்கு 1.7 கிராம் சோடியம் கொண்டது. ஒரு நாளைக்கு மொத்தமாகச் சொல்லப்படும் எல்லையே 2 கிராம் சோடியம், அதாவது மேலே சொன்ன 5 கிராம் உப்பு.

தண்ணீர் குடிப்பதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. ஒன்று, நிறையக் குடித்தால்தான் நீர் இறங்கும் என்கிறது. மற்றது, தொண்டை நனையக்கூட விடாது. நெதர்லாந்தில் நிலையாக இருக்கும் இதய நோயாளிகள் 504 பேரை வைத்துச் செய்து 2025ல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லீற்றர் என்று கட்டுப்படுத்தியவர்களுக்கும் தாராளமாகக் குடித்தவர்களுக்கும் உடல்நிலையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கட்டுப்படுத்தியவர்களைத் தாகம்தான் அதிகம் வாட்டியது. நெதர்லாந்தின் வெயிலுக்கும் எங்கள் ஆடி மாத வெயிலுக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்து யோசியுங்கள். ஆனால் வீக்கம் ஏறிக்கொண்டிருப்பவருக்கும், இரத்தத்தில் சோடியம் குறைந்தவருக்கும் டொக்டர் ஒரு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். கஞ்சியும் சொதியும் தேத்தண்ணியும் வத்தகப்பழமும் அந்தக் கணக்குக்குள் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாகத்துக்கு மாமா ஒரு தேசிக்காய்த் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார், அல்லது கொப்பளித்துத் துப்புவார்.

தராசுக்கு வருகிறேன். இந்த வருத்தத்தில் வீட்டுக்கு வாங்கக்கூடிய ஒரே ஒரு சாமானைச் சொல் என்றால், காலுறையும் இல்லை, மசாஜ் இயந்திரமும் இல்லை, ஒரு எடை பார்க்கும் தராசு. கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுகிறது என்றால், உடம்பில் அதற்கு முன்பே சில லீற்றர் நீர் சேர்ந்திருக்கும். கால் பிந்தித்தான் சொல்லும். தராசு முந்திச் சொல்லும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரியான உடுப்போடு, பாயில் இல்லாமல் சீமெந்துத் தரையில் வைத்து ஏறி நிற்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சோற்றுச் சதை இல்லை, தண்ணீர். மாமா தபாற்கந்தோரில் இருந்தவர், பதிவேடு எழுதுவது அவருக்கு உயிர். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டுத் திகதி, எடை என்று எழுதத் தொடங்கினார். உப்பைப் பற்றிய சண்டை அதோடு பாதி அடங்கியது. முதல் நாள் தின்ற ஊறுகாய்க்கு அடுத்த நாள் தராசே பதில் சொன்னதால் யாரும் யாரையும் குற்றம்சாட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு வைகாசி மாதம் கண்ணகி அம்மன் சடங்கு. வீடு நிறையச் சொந்தம். மச்சம் கிடையாது, எல்லாம் மரக்கறி, ஆனால் பப்படமும் மோர்மிளகாயும் ஊறுகாயும் இலையில் ஒதுக்கிடம் கேட்கும் சாப்பாடு. சடங்கின் கடைசி நிகழ்வான குளிர்த்தி முடிந்த கையோடு மாமாவின் எடை எழும்பியிருந்தது. கால் அப்போது பார்வைக்குச் சாதாரணம்தான். இப்படி ஏறினால் என்ன செய்வது என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், தண்ணி இறக்கும் குளிசையைச் சில நாளைக்கு அவர் சொன்ன அளவுக்குக் கூட்டி, வாட்டுக்குப் போகாமலே அது இறங்கியது. மருந்தில்லா வைத்தியம் என்று எழுத வந்தவன் குளிசையில் கொண்டுபோய் முடிக்கிறேனே என்று கேட்கலாம். குளிசையைச் சரியான நாளில் சரியான அளவில் போட வைப்பதுதான் தராசு செய்கிற பெரிய வேலை.

நடையைச் சொல்லாமல் விடக்கூடாது. கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் நாளத்தில் நிற்கும் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். கதிரையில் கால் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் இருப்பவருக்கு அந்த வேலை நின்றுபோகிறது. கல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய், கிளினிக் வாங்கில் அரைநாள் காத்திருந்து திரும்பினால் மாமாவின் செருப்பு வார் தோலில் பதிந்திருக்கும். இருந்த இடத்திலேயே குதிக்காலையும் நுனிக்காலையும் மாற்றி மாற்றித் தூக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். செய்தார். 2009ல் வந்த ஓர் ஆய்வு 2331 இதய நோயாளிகளை வைத்து, மேற்பார்வையோடு தொடங்கும் உடற்பயிற்சி பாதுகாப்பானது, வாழ்க்கையை இலகுவாக்குகிறது என்று காட்டியது. வேகம் தேவையில்லை. நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும். வாவிக்கரையில் வெயில் ஏறுவதற்கு முன் நடக்கும்போது மாமா பழைய தந்திக் கதைகளை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வருவார், அளவு அதுதான். மூச்சிளைப்பும் வீக்கமும் கூடியிருக்கும் நாட்களில் நடை வேண்டாம்.

இன்னொன்று, வீக்கம் திடீரென்று கூடினால் காலைப் பார்ப்பதற்கு முன் குளிசைப் பையைக் கொட்டிப் பாருங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும். கால் கடுக்கிறது என்று அதைப் போட, கால் இன்னும் வீங்கும். அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசையாலும் கணுக்கால் வீங்குவதுண்டு. அது இதயம் மோசமானதால் வருவதில்லை. தண்ணீரில் நுரைத்துக் கரையும் பரசிற்றமோல் ஒவ்வொன்றிலும் நானூறு மில்லிகிராம் அளவில் சோடியம் இருக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம், பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத வீக்கங்களும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டை நோவெடுத்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அதை உருவவே கூடாது. கால் சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தால் கிருமி. படுக்க முடியாமல் எழும்பி உட்கார்ந்து மூச்சு வாங்கினால், நெஞ்சு நோவெடுத்தால், தலை சுற்றி மயங்கினால் தலையணையும் தேசிக்காயும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இலங்கையில் என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.